பழைய பிக்கப் டிரம் பிரேக்: முதல் மிதி உள்ளே போகிறது, இரண்டாவது மிதிக்குப் பிடிக்கிறது

களக்காட்டு வாழை

எங்கள் வீட்டில் பெஜோ டீசல் என்ஜின் போட்ட பழைய மஹிந்திரா பிக்கப் ஒன்று இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தருகிற பூஸ்டர் கிடையாது. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றி நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிற வேலை. இப்போது மூன்று தொந்தரவு சேர்ந்து வந்திருக்கிறது. முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கும் கீழே போகிறது, காலை எடுத்து உடனே மறுபடி மிதித்தால் மேலேயே கட்டியாக நிற்கிறது. வேகத்தில் அழுத்தினால் வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. கொஞ்ச தூரம் ஓடி நிறுத்திப் பார்த்தால் வலது பின் டிரம்மில் மட்டும் கை வைக்க முடியாத சூடு.

பட்டறையில் கேட்டதற்கு பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளும் நான்கு வீல் சிலிண்டர், லைனிங் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். எது கெட்டது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் செய்ய நினைக்கிறேன். லோடோடு போகிற வண்டி என்பதால் சும்மா தள்ளிப்போடவும் மனசில்லை. தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

பேட்டைப் பட்டறை

தம்பி, இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்க வேண்டாம். பாதிச் சேதியைப் பெடலே சொல்லிவிடும்.

வண்டியை நிறுத்திவைத்துப் பெடலை மிதித்து, காலை எடுக்காமல் ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். வெளியே எங்கும் ஆயில் கசியாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் விட்டுக்கொடுக்கிறது. மெத்தென்று அமுங்கி, அடிக்க அடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் லைனில் காற்று. நீங்கள் சொல்வது இரண்டும் இல்லை. முதல் மிதியில் போய் இரண்டாவதில் கட்டியாக நின்றால், பத்துக்கு ஒன்பது வண்டியில், லைனிங் பதித்த ஷூவுக்கும் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது. முதல் மிதி தள்ளும் ஆயில் அந்த இடைவெளியை அடைக்கவே செலவாகிறது, ஷூ முழுசாகப் பின்வாங்குவதற்குள் இரண்டாவது மிதி வந்துவிடுவதால் பிடிக்கிறது. பழைய வண்டிகளில் இது தானாக அட்ஜஸ்ட் ஆகாது. லைனிங் தேயத் தேய நாம்தான் இடைவெளியைக் குறைத்து வைத்துக்கொடுக்க வேண்டும், அதைத்தான் இப்போது யாரும் செய்வதில்லை.

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கிற பேக் பிளேட்டின் பின்பக்கம் ஷூவுக்கு ஒன்றாக அட்ஜஸ்டர் இருக்கும். முன் ஷூவை வைக்கும்போது சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே திருப்புங்கள், சக்கரம் பிடித்து நிற்கும் இடம் வந்ததும் தாராளமாகச் சுற்றும் வரைக்கும் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின் ஷூவுக்குச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி இதையே செய்யுங்கள். நான்கு சக்கரமும் முடிந்ததும் பெடல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் முதல் மிதி தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற செக் வால்வைச் சந்தேகப்படலாம். அது லைனில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும், அதனால்தான் வீல் சிலிண்டர் கப்பின் விளிம்பு சுவரோடு ஒட்டி நிற்கிறது. ரப்பர் கிட் மாற்றும்போது பலர் அந்த வால்வைத் திரும்பப் போடாமலே மூடிவிடுகிறார்கள்.

சூட்டுக்கு வேறு சோதனை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, அதே சூட்டோடு அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள். சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வீல் சிலிண்டரில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் திரும்பிப் போகாமல் நிற்கிறது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கோளாறு டிரம்முக்குள்ளே, ஹேண்ட் பிரேக் கம்பி, ஸ்ப்ரிங், ஷூ, சிலிண்டர் பிஸ்டன் இவற்றில்தான்.

பாபநாசம் ஜீப்

பேட்டை அண்ணாச்சி சொன்ன நிப்பிள் சோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிப்பிள் திறந்ததும் விடுபடுகிறது என்றால், அடுத்த முறை நிப்பிளைத் தொடாமல் மாஸ்டர் சிலிண்டரில் லைன் சேரும் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விட்டால் குற்றம் மாஸ்டர் பக்கம். பெரும்பாலும் பெடல் தள்ளுகிற புஷ் ராடுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையில் ஆட்டமே இல்லாமல் இறுக்கிவைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வராது, ஆயில் டேங்குக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரிந்ததும் பிரேக் தானாகவே இறுகும். பெடல் நுனியில் அரை அங்குலம் போல வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். மாஸ்டரில் தளர்த்தியும் விடவில்லை, நிப்பிளில் மட்டும் விடுகிறது என்றால் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது. வெளியே புதுசு மாதிரிதான் தெரியும், ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

ஆனால் உங்கள் வண்டியில் ஒரு பின் சக்கரம் மட்டும்தான் சுடுகிறது. இந்த மாதிரி வண்டிகளில் பின் ஆக்சிலுக்கு ஒரே ஹோஸ், அங்கிருந்துதான் இரண்டாகப் பிரிகிறது. ஹோஸ் அடைத்தால் இரண்டு பின் சக்கரமும் சுட வேண்டும். மாஸ்டர் என்றால் நான்கும் சுட வேண்டும். ஒன்று மட்டும் என்பதால் டிரம்மைக் கழற்றுங்கள், அங்கேதான் இருக்கிறது.

பணகுடிக் காற்று

இவ்வளவு பாடு எதற்கு? முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டால் இழுப்பு, அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும். எங்கள் பக்கம் இரண்டு மூன்று ஜீப்பில் செய்திருக்கிறார்கள்.

பாபநாசம் ஜீப்

பணகுடி அண்ணாச்சி, பூஸ்டர் இல்லாத வண்டிக்கு அந்த யோசனையைச் சொல்வதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். டிரம்மில் முன் ஷூ தொட்டவுடனே, டிரம் சுற்றும் வேகமே அதை இன்னும் உள்ளே இழுத்து இறுக்கிவிடுகிறது. காலால் கொடுக்கிற பலம் அங்கே பெருகுகிறது. பூஸ்டர் இல்லாமலே இத்தனை காலம் லோடு வண்டிகள் நின்றது அதனால்தான். டிஸ்க்கில் அந்தப் பெருக்கம் கிடையாது, காலிபர் பிஸ்டன் தள்ளுகிற அளவுக்குத்தான் பிடி. பூஸ்டர் வேண்டும். டீசல் என்ஜினில் வாக்குவம் தானாக வராது, அதற்குத் தனி பம்ப் வேண்டும். காலிபருக்கு ஆயில் அதிகம் தேவைப்படும், மாஸ்டரும் மாற வேண்டும். அப்புறம் டிரம்முக்கான செக் வால்வை அந்த லைனில் அப்படியே விட்டால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் முறையாகச் செய்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. பாதி செய்துவிட்டு லோடு ஏற்றினால் பழைய டிரம்மைவிட மோசம். ஒழுங்காக வைத்த டிரம் பிரேக்கைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது.

தேரிக்காடு

நாங்கள் உடன்குடி பக்கம், கருப்பட்டியும் பனைச் சாமானும் ஏற்றுகிற பழைய பிக்கப்பை நானேதான் பார்த்துக்கொள்கிறேன். இழுப்பு விஷயத்தில் எல்லாரும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். வண்டி இடது பக்கம் இழுத்தால் இடது சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பார்கள். முதலில் வலது முன் சக்கரத்தைப் பாருங்கள். இடது நன்றாகப் பிடித்து வலது சும்மா இருந்தாலும் வண்டி இடதுக்குத்தான் போகும். ஹப்பில் கிரீஸைத் திணித்து அடைத்தால் சூட்டில் உருகி சீலைத் தாண்டி லைனிங்குக்கு வந்துவிடும். டயர் காற்று இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறதா என்பதையும் அதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

எங்கள் ஊரில் இரண்டு சனியன், ஒன்று செம்மண் தேரி, இன்னொன்று கடல் காற்று. தேரி மணல் மாவு மாதிரி உள்ளே போய் லைனிங்கில் பதிந்து டிரம்மைக் கோடுகோடாக அறுக்கிறது. உப்புக் காற்றில் வீல் சிலிண்டர் பிஸ்டனும் நிப்பிளும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நிப்பிள் சுற்றவில்லை என்றால் ஸ்பேனரில் பலம் போட்டு முறிக்காதீர்கள். முதல் நாளே துருவுக்கான ஆயிலை விட்டு, சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டி, மறுநாள் ஆறு முனை ஸ்பேனரால், சரியாக உட்காரும் சைஸில் திருப்புங்கள். நிப்பிளுக்கு ரப்பர் மூடி போட்டுவைத்தால் அடுத்த முறை இந்தத் தொல்லை இல்லை. மூடி இல்லாத நிப்பிள்தான் எங்கள் பக்கத்து வண்டி எல்லாவற்றிலும்.

களக்காட்டு வாழை

எல்லாருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். பெடலை ஒரு நிமிடம் அழுத்திவைத்தும் இறங்கவில்லை, அதனால் மாஸ்டர் சிலிண்டரைத் தொடவே இல்லை. நான்கு சக்கரத்திலும் இடைவெளி அதிகமாகத்தான் இருந்தது. வைத்தபின் முதல் மிதியே மேலே நிற்கிறது.

சூடான சக்கரத்தில் நிப்பிளைத் திறந்தேன், விடவில்லை. டிரம்மைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பேக் பிளேட்டில் ஷூ உட்காரும் மேடுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது, ஷூ விளிம்பு அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வராமல் நிற்கிறது. திரும்ப இழுக்கும் ஸ்ப்ரிங்கும் சுருள்கள் விலகித் தொய்ந்திருக்கிறது. வலது முன் சக்கரத்தில், தேரிக்காடு அக்கா சொன்னபடியே, லைனிங் கிரீஸில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. இன்னொன்று, அந்தச் சக்கரத்தில் ஒரு ஷூவில் லைனிங் நீளம், இன்னொன்றில் குட்டை. இடது சக்கரத்தில் நீளமானது முன்னால் இருக்கிறது, வலதில் பின்னால். எது சரி? கிரீஸ் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவித் தீயில் காட்டினால் போதும் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார், அதையும் சொல்லுங்கள்.

பேட்டைப் பட்டறை

தீயில் காட்டுவது வேண்டாம். மேலே எரிந்து காய்ந்த மாதிரி இருக்கும், நாலு முறை சூடேறியதும் உள்ளே ஊறிய கிரீஸ் மறுபடி மேலே வரும். அதுவும் எந்த நேரத்தில் வரும் என்றால், லோடோடு இறக்கத்தில் அழுத்தும்போது. முன் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து லைனிங் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் இழுப்பு திரும்ப வரும். ரிவெட் அடித்த லைனிங் என்றால் ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதபோது மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சீலையும் புதுசு போடுங்கள், இல்லாவிட்டால் புது லைனிங்கும் கிரீஸ் குடிக்கும்.

நீளம், குட்டை விஷயம். இரண்டு ஷூவும் கீழே தனித்தனி பின்னில் நிலையாக மாட்டியிருந்தால், சக்கரம் சுற்றும் திசையில் இழுபடுகிற முன் ஷூதான் அதிகம் வேலை செய்யும், அதிகம் தேயும், அதனால் நீளமான லைனிங் முன்னால். பழைய ஜீப் வகைக்கு இதுதான். கீழே பின் இல்லாமல் இரண்டு ஷூவையும் ஒரு பல்சக்கர அட்ஜஸ்டர் சேர்த்து, மேலே ஒரே பின்னில் நிற்கிற வகை என்றால் கதை தலைகீழ். அங்கே முன் ஷூ பின் ஷூவைத் தள்ளி இறுக்குகிறது, குட்டை முன்னால், நீளம் பின்னால். பழைய அமெரிக்க பிக்கப்கள் பலவற்றில் இந்த வகை இருக்கும். உங்கள் வண்டியில் பேக் பிளேட்டில் ஷூவுக்கு ஒரு அட்ஜஸ்டர் என்பதால் இடது சக்கரம்தான் சரி, வலதில் யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இழுப்பில் அதற்கும் பங்கு உண்டு. ஒரு சக்கரத்தைக் கழற்றும்போது மறு பக்கத்தை அப்படியே விட்டுவைத்து, பார்த்துப் பார்த்துப் பூட்டினால் இந்தக் குழப்பம் வராது.

பேக் பிளேட் பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி, அரம் போட்டுச் சமமாக்கி, அந்த மேடுகளில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸைத் துளி துளியாகத் தடவுங்கள். ஸ்ப்ரிங் எல்லாம் புதுசு. நீட்டிய ஸ்ப்ரிங்கை மறுபடி நெருக்கிப் போடக் கூடாது.

டிரம்மை லேத்தில் காட்டி உள் விட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய டிரம்முக்குப் பொதுவான கணக்கு, ஆரம்ப விட்டத்துக்கு மேல் 60 தவ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு மேல் வெட்டினால் டிரம் மெலிந்து சூட்டில் விரிந்துபோகும், விரிசல் விடவும் செய்யும். இடது வலது இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய டிரம்முக்குப் புது லைனிங்கின் வளைவு சரியாகச் சேராது, நடுவில் மட்டும் தொடும். சாக்பீஸைத் தடவிச் சுற்றிப் பார்த்துத் தொடும் இடத்தைக் கொஞ்சம் தேய்த்து உட்காரவைக்க வேண்டும். அந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

தேரிக்காடு

அண்ணாச்சி, லைனிங்கைத் தேய்ப்பது பற்றி ஒரு வார்த்தை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசி பறக்கவிடுகிறார்களே, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பட்டறையில் கூடமாட வேலை செய்கிற சின்னப் பையன்கள்தான் அதில் முழுக்க நிற்கிறார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டால் போதும். இதற்குச் செலவே இல்லை.

பேட்டைப் பட்டறை

சரியான பேச்சு, அம்மா. நாங்கள் எல்லாம் அந்தத் தூசியில்தான் நின்றோம். தேய்ப்பதையும் ஈரமாக வைத்தே செய்யலாம். களக்காட்டுத் தம்பி, உங்கள் ஊர்ப் பட்டறையிலும் இதைச் சொல்லுங்கள்.

ஸ்ரீவைகுண்டம்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், வெள்ளத்தில் நின்ற வண்டிக்காரர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஏறி, ரயிலே எங்கள் ஊரில் மாட்டி நின்ற அந்த மழையில், எங்கள் தெருவில் பல பழைய வண்டிகள் ஆக்சில் வரைக்கும் தண்ணீரில் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயிலை மாற்றினார்கள், பிரேக்கை ஒருவரும் பார்க்கவில்லை. டிரம்முக்குள் வண்டல் படிந்து காய்ந்து, ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டது. இழுத்துக் கிளப்பியவர்களுக்கு லைனிங் ஷூவை விட்டுப் பிய்ந்து வந்தது. தண்ணீரில் நின்ற வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே நான்கு டிரம்மையும் கழற்றிக் கழுவ வேண்டும். பின் ஆக்சில் மேலே இருக்கும் மூச்சுக்குழலையும் பாருங்கள். சேற்றில் அது அடைத்துக்கொண்டால் ஆக்சில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, கியர் ஆயில் சீலைத் தாண்டி பிரேக்குக்குள் வரும். வயலில் இறங்குகிற வண்டி எதிலும் இதே கதைதான், சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், மூச்சுக்குழலைத் தொடமாட்டார்கள்.

களக்காட்டு வாழை

எங்கள் வண்டியும் வயலுக்குள் போகிற வண்டிதான், பார்க்கிறேன். அடுத்த கேள்வி, ஆயில் எது ஊற்றுவது? கழுவுவதற்கு மண்ணெண்ணெய் பயன்படுத்தலாமா?

பாபநாசம் ஜீப்

மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல், என்ஜின் ஆயில் எதுவும் பிரேக் ரப்பர் பக்கம் வரவே கூடாது. கப் ஊதிப் பிதுங்கிப் பிரேக் ஒன்றாய் இறுகும், அப்புறம் எல்லா ரப்பரையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை. உள்பாகங்களைப் பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோ மட்டும் கழுவுங்கள்.

பிரேக் ஆயிலில் டாட் 3 அல்லது டாட் 4 தரம் போதும், இரண்டும் ஒன்றோடொன்று சேரும். டாட் 5 என்பது சிலிக்கோன், அதை இவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 3, 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் சேர்ந்தபின் அந்தக் கணக்கு 140 டிகிரிக்கு வந்துவிடுகிறது. மாஞ்சோலையில் இருந்து மணிமுத்தாறுக்கோ, ஆரியங்காவில் இருந்து புளியரைக்கோ லோடோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், வீல் சிலிண்டரில் அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் ஒன்றுமில்லாமல் தரைக்குப் போகும். டிரம்முக்கு இன்னொரு குணமும் உண்டு, சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனாலும் பெடல் தாழும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மேலே வைத்தே தேய்க்காமல், வேகம் கூடும்போது நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டு விடுங்கள், காற்றுப்பட நேரம் கிடைக்கும். ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழுசாக மாற்றுங்கள், திறந்து பாதி வைத்த டின்னை வாங்காதீர்கள்.

ஏர் எடுக்கும்போது மாஸ்டரில் இருந்து தூரமான சக்கரம் முதலில். நம் ஊர் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன். டேங்கில் ஆயில் குறையாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்காவது ஒரு ஹோஸ் விட்டால் நான்கும் போச்சு. அதனால் ஹேண்ட் பிரேக்கை எஃப்சி நாளுக்கு மட்டும் சரிசெய்கிற பழக்கத்தை விடுங்கள்.

வள்ளியூர் பழைய வண்டி

இதே இழையில் என் கேள்வியும். என்னிடம் இருப்பது இன்னும் பழைய ஜீப், பின்னால் பெட்டி கட்டியது. பின் டிரம் கழறவே இல்லை. சக்கர நட்டும் இடது பக்கம் சுற்ற மறுக்கிறது. பெரிய சுத்தியலால் ஆக்சில் முனையில் அடித்தால் வரும் என்று ஒருவர் சொல்கிறார், அடிக்கலாமா?

பேட்டைப் பட்டறை

அடிக்காதீர்கள். முதலில் சக்கர நட்டு. பழைய ஜீப்களில் இடது பக்கச் சக்கரத்துக்கு எதிர்த் திருகு, கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஸ்டட் நுனியில் குறி இருக்கிறதா பாருங்கள். தெரியாமல் பைப் மாட்டி முறித்த ஸ்டட் ஏராளம்.

டிரம் வராததற்குக் காரணம், அந்த ஆக்சில் முனை கூம்பு வடிவம், ஹப் அதில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. முனையில் அடித்தால் மரை நசுங்கும், பேரிங்கும் போகும். இதற்கென்று ஹப் புல்லர் இருக்கிறது, சக்கர போல்ட்டிலேயே மாட்டி நடு போல்ட்டை இறுக்குவது. ஆக்சில் நட்டை முழுசாகக் கழற்றாமல் சில மரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டுப் புல்லரை மாட்டுங்கள், ஹப் திடீரென்று விடுபடும்போது பறந்து வராமல் நட்டு தாங்கிக்கொள்ளும். புல்லரை இறுக்கியும் வரவில்லை என்றால் அதே இறுக்கத்தில் ஒரு ராத்திரி விட்டுவைத்துக் காலையில் மறுபடி இறுக்குங்கள். ஷூ டிரம்மின் உள் விளிம்பில் மாட்டியிருக்கவும் வாய்ப்புண்டு, அட்ஜஸ்டரை முழுசாகத் தளர்த்திவிட்டே தொடங்குங்கள்.

திரும்பப் பூட்டும்போது கூம்பில் கிரீஸ் தடவாதீர்கள், துடைத்துக் காய்ந்தபடியே இருக்கட்டும். ஹப்பையும் ஆக்சிலையும் பூட்டுகிற சாவிக்கட்டை தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள். நட்டை நன்றாக இறுக்கியபின் கோட்டர் பின்னுக்குத் துளை நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தி நேராக்கக் கூடாது, இன்னும் இறுக்கி அடுத்த துளைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.